ஒத்தக்கடையில் ஒரு பந்துக்குதிரை

மதுரைக்குப் போகிறவர்கள் மீனாட்சியைப் பார்க்கப் போவார்கள், கல்யாணத்துக்குப் போவார்கள், கோர்ட்டு வழக்குக்காகப் போவார்கள். நானும் என் அப்பாவும் ஒரு குதிரையைப் பார்க்கப் போனோம். யுத்தம் தொடங்கி நாலாவது கோடை அது. திருச்சியில் நான் வேலை பார்க்கும் பெண்கள் பள்ளிக்கு லீவு விட்டிருந்தார்கள். சித்திரைத் திருவிழாக் கூட்டம் வடியட்டும் என்று காத்திருந்து வைகாசி பிறந்ததும் கிளம்பினோம். அந்தப் பக்கம் போக நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். வழியை மட்டும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். குதிரையை விட்டுவிட்டு வழியை எழுத முடியவில்லை.

அப்பா தேவசகாயம் பெங்களூர் கண்டோன்மென்டில் ஒரு ராணுவத் துரையின் லாயத்துக்குத் தலைமைக் குதிரைக்காரராக இருந்தவர். அந்தத் துரைக்குப் போலோ ஆட்டத்தில் பைத்தியம். குதிரை மேல் உட்கார்ந்து நீளக் கம்பால் பந்தை அடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம் அது. அதற்கு எல்லாக் குதிரையும் உதவாது. இங்கிலீஷ் ரேஸ் குதிரை வேகமாக ஓடும், ஆனால் உயரம் அதிகம், நம் வெயிலில் சுருண்டுவிடும். நாட்டுக் குதிரை வெயிலைத் தாங்கும், வேகம் போதாது. இரண்டையும் சேர்த்துப் புதிதாக ஒரு ஜாதியையே உண்டாக்க வேண்டும் என்று துரைக்கு ஆசை. குள்ளமாக, முதுகு கட்டையாக, முழு ஓட்டத்தில் இருந்து சட்டென்று நிற்கிற, பின்னங்கால் இரண்டையும் ஊன்றி நின்ற இடத்திலேயே திரும்புகிற ஜாதி. வடக்கே குஜராத் பக்கத்துக் கத்தியவாரில் இருந்து ஒரு பெண் குதிரையை வரவழைத்தார். காதுகள் இரண்டும் உள்ளே வளைந்து நுனி ஒன்றையொன்று தொடும் குதிரை. அதை ரேஸ் குதிரையோடு சேர்த்து, பிறந்த குட்டிகளை அப்பாவின் கையில் கொடுத்தார். லாயத்து ஆட்கள் அவற்றைப் பந்துக்குதிரை என்பார்கள். 

அந்தக் குட்டிகளில் ஒன்று செவலை நிறம். துரை ஏதோ பூவின் பெயரை இங்கிலீஷில் வைத்தார். நாங்கள் செவந்தி என்றோம். காதுகள் தாயைப் போல முழுதும் வளையாமல், பாதி வளைந்து நின்றுவிட்டவை.

குட்டியைப் பழக்க எடை குறைந்த ஆள் தேவைப்பட்டது. நான் அப்போது ஒல்லியாக இருப்பேன். அப்பாவின் பழைய கால்சட்டை ஒன்றை அம்மா வெட்டித் தைத்துக் கொடுத்தார். தினமும் விடிகிற நேரத்தில், பனி விலகுவதற்குள், மைதானத்தில் செவந்தியை ஓட்டுவது என் வேலை. அப்பா மைதானத்தின் நடுவில் நின்று பந்தை உருட்டிவிடுவார், நாங்கள் அதன் பின்னால் போவோம். எனக்குப் பதினேழு வயதாகும்வரை இது நடந்தது. பிறகு நின்றுபோயிற்று. சில வருஷத்தில் துரை சீமைக்குத் திரும்பினார். குதிரைகளை விற்றார்கள். ஜாதி உண்டாக்குகிற கனவு நாலு குட்டியோடு முடிந்தது. செவந்தியை மதுரைப் பக்கத்து ஜமீன்தார் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். அம்மா இறந்த பிறகு அப்பா என்னோடு திருச்சிக்கு வந்துவிட்டார். 

அந்தக் கோடைக்குச் சற்று முன் பரீட்சை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது எங்கள் பள்ளித் தையல் டீச்சர் ரூபி ஒரு கதை சொன்னார். அவர் மதுரைக்காரர். மூன்று வருஷத்துக்கு முன் தல்லாகுளம் பக்கத்து மைதானத்தில் ஃபுட்பால் ஆட்டம் நடந்தபோது, ஓரத்தில் கட்டியிருந்த ஒரு செவலைக் குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு பந்தின் பின்னால் ஓடியதாம். ஆட்டக்காரர்கள் எல்லாம் சிதறி ஓடினார்களாம். "யாரையும் முட்டலை, உதைக்கலை. பந்து எங்க போனாலும் அது பின்னாலயே போச்சு. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு" என்றார் ரூபி. "யாரோட குதிரை?" என்று கேட்டேன். "மேலூர் ரோட்டுப் பக்கத்து ஆளாம்."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு, "எப்ப லீவு விடுறாங்க?" என்று கேட்டார்.

திருச்சியில் இருந்து மதுரை தொண்ணூற்று ஆறு மைல். மூன்றாம் வகுப்புக்கு ஆளுக்கு ஒன்றே கால் ரூபாய். விடிகாலை ரயிலில் ஏறினால் திண்டுக்கல்லில் காப்பி குடித்துவிட்டு, வெயில் ஏறும் நேரத்தில் மதுரையில் இறங்கலாம். இப்போது எந்த ரயிலிலும் பட்டாளத்துக்காரர்கள் கூட்டம். பெண்கள் வண்டியில் இடம் கிடைத்தது, ஆனால் அப்பாவுக்கு ஒரு கண்ணில் பூ விழுந்து பார்வை மங்கல், அவரைத் தனியே விட மனமில்லை. பொதுவண்டியில் ஒரு சிப்பாய் தன் டிரங்குப் பெட்டியை நகர்த்தி எங்களுக்கு இடம் கொடுத்தார். சோழவந்தானில் வெற்றிலைக் கூடைகளோடு நாலைந்து பெண்கள் ஏறி வண்டியையே பச்சை வாசனையாக ஆக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு மதுரை தூரமில்லை. வைகையைக் கடக்கும்போது எட்டிப் பார்த்தேன். மணல், மணலில் ஊற்று தோண்டித் தண்ணீர் மொள்ளுகிறவர்கள், துவைத்துக் காயப்போட்ட வேட்டிகள். தண்ணீர் என்று சொல்ல ஒரு கோடுதான் ஓடியது.

ஸ்டேஷனுக்கு வெளியே ஜட்காக்கள் வரிசையாக நின்றன. பெட்ரோல் தட்டுப்பாட்டில் டாக்சி எல்லாம் ஓய்ந்துவிட்டதால் ஜட்காக்காரர்களுக்கு மறுபடி நல்ல காலம். நாலு பக்கமும் கூப்பிட்டார்கள். அப்பா வரிசையின் ஒரு முனையில் இருந்து ஒவ்வொரு குதிரையாக நெற்றியைத் தடவி, காதைத் தொட்டுக்கொண்டே நடந்தார். பார்வை மங்கிய பிறகு எந்தக் குதிரையைக் கண்டாலும் அவர் செய்வது இதுதான். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். 

பாதி வரிசையில் நின்றுவிட்டார். பழுப்பு நிறத்தில் கட்டை குட்டையான ஒரு வண்டிக் குதிரை. அதன் காது நுனிகளை விரலால் திரும்பத் திரும்ப நீவினார். அவை உள்பக்கமாகச் சற்றே வளைந்திருந்தன.

"பெரியவரே, குதிரையை வெலைக்குக் கேக்குறீகளா, வண்டியை வாடகைக்குக் கேக்குறீகளா?" என்றார் வண்டிக்காரர். அவர் பெயர் இருளாண்டி. நாற்பது வயதிருக்கும்.

"இதை எங்க வாங்கினே?" என்று அப்பா கேட்டார்.

"ஒத்தக்கடை ராவுத்தர்கிட்ட. குட்டியிலேயே பிடிச்சாந்தேன். ஏன் கேக்குறீக?"

"தாய் என்ன நிறம்?"

"செவலை."

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. குதிரையின் கழுத்தில் கையை வைத்தபடியே, "தாய் இருக்கா?" என்றார்.

"போன மாசம் பாத்தேன், இருந்துச்சு. வயசாயிப்போச்சுங்க. அம்புட்டுதான்."

ரயிலில் வரும்போதெல்லாம், 'குதிரை இருக்காது, அப்பாவுக்கு ஊர் சுற்றிப் பார்த்த மாதிரி இருக்கட்டும்' என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அப்பா குதிரையின் கழுத்தில் இருந்து கையை எடுத்தார். "இவனுக்குக் காயடிச்சாச்சா?"

"பின்னே? வண்டியில கட்டுறதை அடிக்காம விட்டா, ரோட்டுல ஒரு பொட்டைக் குதிரையைக் கண்டா சவாரியோட என்னையும் வைகையில கொண்டு போயிக் கவுத்துருவான்." இருளாண்டி சிரித்தார். "இவன் பேரு ராசா. ஏறுங்க, ராவுத்தர் தோப்புக்கே கொண்டு போயி விடுறேன்."

போய், காத்திருந்து, திரும்ப இரண்டு ரூபாய் என்று பேசினோம். மதுரை ஸ்டேஷனில் இருந்து ஒத்தக்கடை ஆறு மைல். பெட்ரோலுக்குப் பதில் அடுப்பில் கரி எரித்து ஓடுகிற கரிவாயு பஸ்ஸில் மூன்றணாதான். ஆனால் அது எப்போது கிளம்பும் என்பது டிரைவருக்கும் தெரியாது. அடுப்பு பற்றிக்கொள்ள வேண்டும். ஜட்காவில் போகிறவர்கள் வைக்கோல் மேல் ஒரு ஜமுக்காளத்தை மடித்துப் போட்டுக்கொண்டால் இடுப்பு பிழைக்கும். 

அப்பா முன்னால் இருளாண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சிம்மக்கல் தாண்டி வைகைப் பாலத்தில் ஏறினோம். கோரிப்பாளையம் தர்கா வந்ததும் இருளாண்டி சாட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு கும்பிடு போட்டார். தல்லாகுளம் தாண்டியதும் ஊர் முடிந்துவிடுகிறது. அப்புறம் ரோட்டோரப் புளியமரங்கள், இரண்டு பக்கமும் அறுத்து முடிந்த வயல், வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் இருந்து வருகிற சூட்டுக் காற்று. அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் நினைத்தது எனக்குத் தெரியும். துரை போனபோது மூன்று குட்டிகள் வடக்கே எங்கெங்கோ போய்விட்டன. இந்தப் பக்கத்தில் அவர் வளர்த்த ரத்தம் மிச்சம் இருந்தால் அது செவந்தியின் வயிற்றில்தான் இருக்க வேண்டும். அது இப்போது அவர் கண்ணெதிரே வண்டி இழுத்துக்கொண்டு ஓடுகிறது, காயடித்துவிட்டதால் அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

உத்தங்குடிக்கு முன்னால் ஒரு வளைவில் கரிவாயு பஸ் ஒன்று புகை கக்கிக்கொண்டு எங்கள் மேலேயே வந்தது. இருளாண்டி கடிவாளத்தை இழுத்தார். ராசா அடித்துவைத்த ஆணி மாதிரி நின்று, அந்த நொடியிலேயே ரோட்டை விட்டு ஒதுங்கித் திரும்பினான். என் தலை வண்டிக் கூண்டில் மோதியது. 

"பாத்தீகளா? மத்த குதிரை நிக்கிறதுக்குள்ள பத்தடி ஓடிரும். இவன் அப்படி இல்லை" என்றார் இருளாண்டி.

"இவன் அம்மா முழுப் பாய்ச்சல்ல இருந்து நிப்பா" என்றார் அப்பா. ஸ்டேஷனை விட்ட பிறகு அவர் பேசியது அதுதான்.

ஒத்தக்கடை பேருக்கு ஏற்ற ஊர். கூரை வேய்ந்த ஒரு கடை, அதில் மோரும் வெல்லமும் பீடியும் கிடைக்கும். பின்னால் யானைமலை, துதிக்கையை நீட்டிப் படுத்த யானை போலவே முழுக் கல்லாகக் கிடக்கிறது. கடையைத் தாண்டி ஒரு வண்டிப்பாதையில் திரும்பினால் மீரா ராவுத்தரின் தோப்பு. கீழமாசி வீதியில் புகையிலை மண்டி வைத்திருப்பவர். உடம்புக்கு ஆகவில்லை என்று மண்டியை மகன்களிடம் விட்டுவிட்டு இங்கே வந்து இருக்கிறார். எங்களைக் கண்டதும் அவர் முகம் சரியாக இல்லை. 

"மிலிட்டரிக்குக் குதிரை எடுக்க வந்தீகளா? இருக்கிறது கிழடு. யாருக்கும் குடுக்கிறதா இல்லை."

"வாங்க வரலைங்க, பாக்க வந்தோம்" என்றார் அப்பா. "அது பொறந்தப்ப நான் பக்கத்துல இருந்தேன்."

ராவுத்தர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். "எங்க பொறந்துச்சு?"

"பெங்களூர்ல."

"பெங்களூரா? அரபு நாட்டுல இருந்து கப்பல்ல வந்த குதிரைன்னு சொல்லில்ல ஜமீன்ல என் தலையில கட்டுனாக!"

அப்பா தாய் தகப்பன் விவரத்தைச் சொன்னார். ராவுத்தர் கேட்டுக்கொண்டே இருந்தவர், ஏமாந்த குழந்தை மாதிரி, "அப்ப அரபி இல்லையா?" என்றார்.

"அரபியைவிட ஒசத்திங்க. இது மாதிரி இந்த ஜில்லாவிலேயே வேற இருக்காது."

அதோடு அவர் முகம் தெளிந்தது. கயிற்றுக்கட்டிலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். ஜமீன்தார் மோட்டார் வாங்கியதும் சித்திரைச் சந்தையில் குதிரையை விற்பனைக்கு நிறுத்தினாராம். "எங்க முன்னோர்க குதிரை ஏவாரம் பண்ணினவுக. ராவுத்தர்ங்கிற பேரே அதுல வந்ததுதான். வீட்டுல ஒரு குதிரை கூட இல்லாம அந்தப் பேரை வச்சுக்கிட்டு இருக்கமேன்னு வாங்கிப்புட்டேன்." கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "ஏறினா எனக்குத் தலை சுத்தும். ஒருநாள் ஏறினேன், அதோட சரி" என்றார்.

வேப்பமரத்தடியில் செவந்தி நின்றிருந்தாள்.

நான் மனதில் வைத்திருந்தது வேறு குதிரை. வியர்த்தால் செப்புத் தகடு மாதிரி மின்னும் தோல். இங்கே நின்றவளின் முகமெல்லாம் நரை. கண்ணுக்கு மேலே குழி விழுந்திருந்தது. விலா எலும்பு தெரிந்தது. முதுகு நடுவில் தொட்டில் போலத் தாழ்ந்திருந்தது. காதுகள் மட்டும் அதே காதுகள்.

அப்பா பத்தடி தள்ளி நின்று நாக்கை மேலண்ணத்தில் தட்டி ஒரு சத்தம் எழுப்பினார். "செவந்தி." லாயத்தின் மறுகோடியில் இருந்து அந்தச் சத்தத்துக்கு ஓடிவருவாள், அந்தக் காலத்தில். இப்போது தலையைக் கூட நிமிர்த்தவில்லை. உதிர்ந்த வேப்பம்பூவை முகர்ந்துகொண்டிருந்தாள். அப்பா இன்னொரு தரம் கூப்பிட்டார். மூன்றாம் தரம் குரலைக் கூட்டினார். வால் ஈயை ஓட்டியது, அவ்வளவுதான்.

அப்போது வீட்டின் பின்பக்கத்தில் இருந்து ஒரு பெண் குரல், "சுல்தானா!" என்றது. 

செவந்தி தலையைத் தூக்கினாள். நேராக நடந்து வந்தாள். தடவுவதற்காக நீட்டியிருந்த அப்பாவின் கைக்கு ஒரு சாண் தள்ளி, அவரைத் தாண்டிக்கொண்டு, அடுப்படிச் சுவரோரம் வைத்திருந்த கஞ்சித் தொட்டிக்குப் போனாள். 

அப்பாவின் கை அந்தரத்தில் சிறிது நேரம் நின்றது. பிறகு இறக்கிக்கொண்டார். "காது நல்லாக் கேக்குது" என்றார்.

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் குதிரையிடம் போய் வாயைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார், குளம்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். அந்நியர் கைக்கு நிற்கிற மாதிரி பொறுமையாக நின்றாள் செவந்தி. "கடைவாய்ப் பல்லு ஓரம் கூரா வளந்து கன்னத்தைக் கிழிக்குது. தின்கிறது உடம்புல ஒட்டாது" என்றார்.

"நாங்க ஒரு குறையும் வைக்கலையே" என்றார் ராவுத்தர், சங்கடத்துடன்.

"உங்க மேல குறை சொல்லலைங்க. வயசான குதிரைக்கு வர்றதுதான். அரம் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமா ராவணும்."

ராவுத்தர் பேச்சை மாற்ற நினைத்தாரோ, அப்பாவின் முகத்தைப் பார்த்து ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தாரோ, தெரியவில்லை. "ஒரு வேடிக்கை காட்டுறேன் பாருங்க" என்று உள்ளே போய், தென்னை நாரில் துணி சுற்றிய ஒரு பந்தை எடுத்துவந்து களத்தில் உருட்டிவிட்டார்.

செவந்தியின் காதுகள் எழுந்தன. கஞ்சி ஒழுகுகிற வாயோடு தொட்டியை விட்டு வெளியே வந்தாள். ஓட முடியவில்லை. ஒருவிதமாக ஆடி ஆடிப் பந்தின் பின்னால் நடந்தாள். பந்து நின்ற இடத்துக்குப் போய், அதை ஒட்டி ஒரு அடி எடுத்து வைத்து, பந்து தனக்கு வலப்பக்கம் வருகிற மாதிரி உடம்பைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அப்படியே நின்றாள்.

"எப்பவும் இப்படித்தான். மோந்து பாக்காது, மிதிக்காது. இந்தப் பக்கமா வந்து நின்னுக்கிட்டே இருக்கும். எதுக்குன்னு எங்களுக்கு வெளங்குறதே இல்லை" என்றார் ராவுத்தர்.

"அடிக்கிறதுக்காக நிக்கிறா" என்றார் அப்பா. "மேல இருக்கிற ஆளு வலது கையில கம்பு வச்சிருப்பாங்க."

மேலே யாரும் இல்லை. தொட்டில் போலத் தாழ்ந்த அந்த வெறும் முதுகோடு அவள் காத்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பிக்கொண்டேன். எனக்குப் பின்னால் அப்பா சிரிக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது அது சிரிப்பாக இல்லை. தோள் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டிருந்தார். "நம்மளை மறந்துட்டா. பந்தை மறக்கலை பாரும்மா" என்றார்.

ராவுத்தர் அவரைக் கட்டிலில் உட்கார வைத்தார். கொஞ்சம் பொறுத்து, "யாரு ஓட்டுனது இதை? தொரையா?" என்று கேட்டார்.

"ஆட்டத்துல தொரை. பழக்கினது என் மகதான். இவ."

அடுப்படிக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம். "பொம்பளைப் புள்ளையா ஓட்டுச்சு?" என்று கேட்டுக்கொண்டே ராவுத்தரின் மனைவி ஆயிஷா வாசல்படி வரை வந்துவிட்டார். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்னையே பார்த்தார். "பொறகு ஏம்மா விட்டுட்டீக?"

பதினாலு வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அப்பாதான் சொன்னார். "நான்தான் நிறுத்தினேன். பொண்ணு பாக்க வந்தவங்க, குதிரை ஓட்டுற பொண்ணு எங்களுக்கு வேணாம்னாங்க. மறுநாள்ல இருந்து லாயத்துப் பக்கம் வராதேன்னுட்டேன். அந்தச் சம்பந்தமும் வரலை, வேற எதுவும் அமையலை." மண்ணைப் பார்த்துக்கொண்டே பேசினார். பிறகு நிமிர்ந்தார். "ஏறுறியாம்மா? ஓட வேணாம். ஒரு சுத்து நடந்தாப் போதும். நான் பிடிச்சுக்கிறேன்."

அந்த வார்த்தைக்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்பது அவர் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. செவந்தியிடம் போனேன். பந்தை விட்டு அவள் இன்னும் நகரவில்லை. பிடரியைப் பிடித்தேன். ஏறுவதற்கு எங்கே கால் வைக்க வேண்டும், எப்போது மூச்சை இழுக்க வேண்டும் எல்லாம் உடம்புக்கு நினைவிருந்தது. இடது கையை முதுகில் ஊன்றினேன். தோலுக்குக் கீழே தண்டெலும்பு ஒவ்வொரு கணுவாகக் கைக்குத் தட்டுப்பட்டது. லேசாக அழுத்தினேன். அவள் பின்கால் ஒன்று நடுங்கி இடம் மாறியது.

கையை எடுத்துவிட்டேன். "வேணாம்பா" என்றேன்.

அப்பா வற்புறுத்தவில்லை. 

கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தோப்பை ஒரு சுற்று அவளோடு நடந்தேன். ஆயிஷா அக்காவும் கூட வந்தார். மாமரங்களுக்கு நடுவே வந்ததும் மெதுவாகக் கேட்டார், "ஓடும்போது எப்படி இருக்கும்?"

"மொதல்ல தூக்கிப் போடும். வேகம் எடுத்துட்டா ஒரு ஆட்டமும் இருக்காதுக்கா. சத்தம் மட்டும் கீழ எங்கயோ கேக்கும். நமக்கு எடையே இல்லாத மாதிரி இருக்கும்."

"பயம்?"

"நிக்கும்போதுதான் பயம் வரும்."

அவர் செவந்தியின் கழுத்தில் கை வைத்துக்கொண்டு நடந்தார். "வந்த நாள்ல இருந்து இதுக்கு நான்தான் கஞ்சி ஊத்துறேன். ஒருநாளாச்சும் ஏறிப் பாக்கணும்னு தோணும். ஏறி எங்கிட்டுப் போறதுன்னும் தோணும்." செவந்தியின் பிடரியில் ஒட்டியிருந்த சருகை எடுத்துப் போட்டார். "இதுகூட ரெண்டு குட்டி போட்டுச்சு. ஒண்ணு தங்கலை. ஒண்ணு இருளாண்டிகிட்ட வண்டி இழுக்குது."

மதியம் அங்கேயே சாப்பிடவைத்தார்கள். அரிசி கிடைப்பதே கஷ்டமான இந்த நாளில், முன்பின் தெரியாத எங்களுக்குச் சோறும் கருவாட்டுக் குழம்பும் கிடைத்தது. இருளாண்டிக்கும் தனியாக ஒரு இலை. சாப்பிட்டு முடிந்ததும் அப்பா ராவுத்தரிடம், "அரம் கெடைக்குமா?" என்று கேட்டார். 

"ஒத்தக்கடையில கெடைக்காது. டவுன்ல வாங்கியாறச் சொல்றேன். ஒரே நாள்ல முடிஞ்சிருமா?"

"ஒரே நாள்ல ராவினா வாய் தாங்காது. நாலைஞ்சு நாள் ஆகும். அதுவரைக்கும் தவிடும் வெல்லமும் ஊறவச்சுக் கொடுக்கணும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "நீ போம்மா. நான் பின்னால வர்றேன்."

"மாத்துத் துணி கூடக் கொண்டுவரலியேப்பா."

"எங்க வீட்டுல கைலி இல்லையா என்ன?" என்றார் ராவுத்தர்.

வெயில் தாழ்ந்து நான் மட்டும் ஜட்காவில் ஏறினேன். அப்பா வழியனுப்ப வரவில்லை. செவந்தியின் முன்னங்குளம்பை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கத்தியால் சீவிக்கொண்டிருந்தார். நான் போய்வருகிறேன் என்றதற்குத் தலையை ஆட்டினார். யானைமலையின் நிழல் ரோட்டைத் தாண்டி நீண்டிருந்தது. இருளாண்டி உத்தங்குடி வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஐயாவை விட்டுட்டா போறீக?" என்றார். "நாலு நாள்ல வந்துருவாங்க" என்றேன். அப்போது அப்படித்தான் நம்பினேன்.

இந்த வழியில் போகிறவர்களுக்கு என் யோசனை இது. எங்களைப் போல உச்சி வெயிலில் ஒத்தக்கடைக்குப் போகாதீர்கள். முதல் நாள் மாலையே மதுரைக்கு வந்து டவுன்ஹால் ரோட்டில் லாட்ஜில் தங்கிவிட்டு, விடியும்போது கிளம்பினால் யானைமலை மேல் வெயில் ஏறுவதைப் பார்க்கலாம். மலையடியில் நரசிங்கம் கோயிலும் இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள், ரோட்டோரக் கிணறுகளில் பாதி வற்றிக் கிடக்கின்றன. திரும்பும் ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்பே ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள், இல்லையென்றால் பட்டாளத்துக்காரர்களோடு நின்றுகொண்டுதான் வர வேண்டும். நான் நின்றுகொண்டுதான் வந்தேன்.

பந்துக்குதிரையைப் பார்க்க விரும்புகிறவர்கள் கடையில் ராவுத்தர் தோப்பு எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். இப்போது தை பிறந்துவிட்டது, அவள் இன்னும் இருக்கிறாள். விலா எலும்பு முன்பு போலத் தெரிவதில்லை. தவிடோ வெல்லமோ எடுத்துக்கொண்டு போங்கள். சுல்தானா என்று கூப்பிடுங்கள், வருவாள். குதிரை விலைக்குக் கிடைக்குமா என்று ராவுத்தரிடம் கேட்காதீர்கள், அவருக்குக் கோபம் வரும். வேப்பமரத்தடியில் கைலி கட்டிக்கொண்டு ஒரு கண் மங்கிய பெரியவர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் குதிரையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், நாள் முழுதும் சொல்வார். எப்போது ஊருக்குத் திரும்பப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்க வேண்டாம். நான் இரண்டு முறை போய்க் கேட்டுவிட்டேன்.